ராஜம்மா வீட்டுக் கத்தரிக்கோல் கம்பிகள்

"தேவுடா! ஏமய்யா இது, வூடு பூரா கத்திரிக்கோலைத் தெறந்து வெச்சிருக்கீங்க?"

கூரைக்கு அடித்த சென்ட்ரிங் பலகை மேல் நின்றுகொண்டு ராஜம்மா போட்ட சத்தம் இது. கீழே சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த எனக்குப் புரையேறிவிட்டது. தருமபுரிக் கடைவீதி வரைக்கும் கேட்டிருக்கும். புளி மண்டியில் விலை பேசிப் பேசி வளர்ந்த தொண்டை அது.

சொம்பைப் போட்டுவிட்டு ஏறி ஓடினேன். காலை வெயிலில் கம்பியெல்லாம் சூடேறி, பலகையிலிருந்து பச்சை மர வாசனை கிளம்பிக்கொண்டிருந்தது. ராஜம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தளத்தின் நடுவில் நின்றார். அவர் நீட்டிய விரலுக்கு நேரே இரும்புக் கம்பிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் வரிசையாகக் கிடந்தன. நன்றாகப் பார்த்தேன். அந்தம்மா சொன்னதில் தப்பே இல்லை. அத்தனையும் திறந்த கத்தரிக்கோல்தான்!

இத்தனை வாரமாக ரோடு போட்டதையும் மதகு கட்டியதையும் சொல்லிச் சொல்லி உங்களைத் தூசியிலேயே நடக்கவைத்துவிட்டேன். இந்த வாரம் கொஞ்சம் நிழலில் உட்காருவோம். இது ஒரு வீட்டுக் கூரையின் கதை.

நடுவில் சுவர் கூடாது

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முந்தி. நான் சேலத்துக் காண்ட்ராக்டர் ஒருவரிடம் ஓவர்சியர். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கோபம் மட்டும் நாற்பது வருஷ சர்வீஸ் ஆனவன் மாதிரி வரும்.

ராஜம்மாவுக்கு அதியமான்கோட்டை போகிற பாதையில் புளி மண்டி. வத்தல்மலையிலிருந்தும் சித்தேரியிலிருந்தும் இறங்குகிற புளியில் பாதி அவர் வாசலுக்குத்தான் வரும். புருஷன் போன பிறகு தனி மனுஷியாக வியாபாரத்தைத் தூக்கி நிறுத்தியவர். வீட்டில் தெலுங்கு, மண்டியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும்.

பிள்ளைகள் இரண்டு பேர். பெரியவருக்கு வாய்த்தவள் கமலம்மா, சின்னவருக்கு வாய்த்தவள் சரோஜா. இந்த ஓரகத்திகள் இரண்டு பேருக்கும் பேச்சு என்றாலே சண்டைதான். உப்பு போட்டதற்கு ஒரு சண்டை, போடாததற்கு ஒரு சண்டை. பழைய ஓட்டு வீடோ தீப்பெட்டி அளவு. போக்கிடம் இல்லாமல் சின்னவர் ஓசூரில் ஒரு கடை பார்த்து வைத்துவிட்டார்.

"தனியா போவணும்னு ஆசை இல்லம்மா. ஆனா இந்த வூட்டுல மூச்சு வுட முடியல. மழைக்கு முந்தி புது வூட்டுக்குக் கூரை ஏறிட்டா இருக்கேன். இல்லாட்டி ஓசூருக்கு வண்டி கட்டிடுவேன்" என்று தாயாரிடம் கெடு சொல்லிவிட்டார்.

ராஜம்மாவுக்கு உயிரே அதில்தான் இருந்தது. பிள்ளைகள் பிரியக் கூடாது. மழை வருவதற்குள் கூரை. வேறு பேச்சே இல்லை.

சேலத்திலிருந்து வந்த எஞ்சினியரிடம் அந்தம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "முன்பக்கம் பெரியவன், பின்பக்கம் சின்னவன். நடுவுல செவுரு மட்டும் வெக்காதீங்க. எம் பசங்களுக்கு நடுவுல செவுரு கூடாது."

எஞ்சினியர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அங்கேதான் வந்தது வினை.

மனை முன்பக்கம் அகலம். பின்பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் கிணறு குறுக்கே வந்துவிட்டதால் குறுகல். அகலமான இடத்துக்குத் தளம் கனமாக இருக்க வேண்டும். குறுகலான இடத்துக்கு மெல்லிசு போதும். நடுவில் சுவர் இருந்தால் இந்தக் கனம் அதன் தலையில் முடிந்துவிடும், அந்த மெல்லிசும் அங்கேயே முடிந்துவிடும், நாமும் நிம்மதியாகத் தூங்கலாம். சுவர் இல்லையே! கனமான தளம் அந்தரத்திலேயே மெலிய வேண்டும். மொட்டை மாடி மேலே மட்டமாகத்தான் இருக்கும். அடிப்பக்கம் மட்டும் ஒரு சரிவாக ஏறிப் போய் மெல்லிசில் சேரும். அப்படித்தான் வரைபடம் வந்தது.

சின்ன ரயில்

ஊருக்கே இந்தக் கூரை ஒரு வேடிக்கை. அதுவரை ஓடு, இல்லாவிட்டால் கட்டை அடுக்கிச் செங்கல் பாவிய மாடி, அவ்வளவுதான் பார்த்திருக்கிறார்கள். "கட்டை ஒண்ணும் இல்லாம எப்படிங்க நிக்கும்?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. ஒரு கிழவர் தினமும் வந்து, "நின்னாலும் நிக்கும்" என்று ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போவார். அவரைப் பார்த்தாலே எனக்கு எரியும்.

சிமெண்டும் கம்பியும் மொரப்பூரிலிருந்து வருகிற சின்ன ரயிலில் வந்தன. அந்த ரயிலை உங்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்களோ! பொம்மை மாதிரி இருக்கும். மேடு வந்தால் மூச்சு வாங்கும். ஏறியிருப்பவர்கள் இறங்கி நடந்தால் அதைவிடச் சீக்கிரம் போய்விடலாம். பிறகு யுத்தம் வந்து, இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ரயில் பெட்டிக்குள் நீளக் கம்பி நுழையாது. அதனால் இரண்டாக மடித்துக் கொண்டைஊசி மாதிரி அனுப்புவார்கள். வந்ததும் மடிப்பை வெட்டித் தள்ளிவிட்டு நேராக்குவது காதர் பாய் வேலை.

காதர் பாய் முன்னே இரும்புக் கட்டில் செய்துகொண்டிருந்தவர். கட்டில் தலைமாட்டில் கொடியும் பூவுமாகக் கம்பியை வளைப்பதில் தாலுகாவிலேயே அவருக்கு ஈடு கிடையாது. அதே கையோடு காங்கிரீட்டுக் கம்பிக்கு வந்தவர். எப்போதும் சிரித்த முகம். யார் என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாது. பின்னால் எனக்கு வந்த தலைவலிக்கு அந்த நல்ல குணம்தான் காரணம்.

கம்பி ஏன் குறுக்கே போனது

இதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கஷ்டமான விஷயம் ஒன்றும் இல்லை.

தளத்தின் மேல் பாரம் ஏறினால் அதன் அடிவயிறு இழுபடும். காங்கிரீட்டு அமுக்கினால் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். இழுப்பைத் தாங்கத்தான் அடியில் கம்பி. சரி, மெல்லிசுத் தளமும் சரிவும் சேருகிற மூலையில் என்ன செய்வது? பார்க்கிற கண்ணுக்கு, அடிப்பக்கம் எப்படிப் போகிறதோ அப்படியே கம்பியையும் வளைத்துவிடலாம் என்றுதான் தோன்றும். லட்சணமாகவும் இருக்கும். ஆனால் வளைந்த கயிற்றை இரண்டு பக்கமும் இழுத்தால் என்ன ஆகும்? நேராகும். கம்பியும் அதைத்தான் செய்யும். நேராகப் பார்க்கும்போது மூலையில் இருக்கிற காங்கிரீட்டைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும்.

ஆகவே அந்த இடத்தில் வளைக்கவே கூடாது. மெல்லிசுப் பக்கத்துக் கம்பி நேராக ஓடிக் கனமான பக்கத்துக்குள் புகுந்து நிற்க வேண்டும். சரிவில் வருகிற கம்பியும் நேராக ஏறி மெல்லிசின் மேல்பக்கம் போய்ப் பிடிக்க வேண்டும். இரண்டும் மூலையில் ஒன்றையொன்று தாண்டிப் போகும். தாண்டுகிற இடத்தில்தான் அந்தக் கத்தரிக்கோல் உருவம்.

திறந்த கத்தரிக்கோல் வீட்டில் கிடந்தால் சண்டை வரும் என்று நம் வீடுகளில் குழந்தைகூடச் சொல்லும். ராஜம்மா வீட்டில் கத்தரிக்கோலை மூடித் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்திருப்பார்களாம். அப்படிப்பட்டவர் தலைக்கு மேலே, இரண்டு பிள்ளைகளின் பங்கும் சேருகிற அதே இடத்தில், ஒரு வரிசைக் கத்தரிக்கோலை நான் திறந்து வைத்துக் காங்கிரீட்டு போட்டு மூடப் போகிறேன் என்றால் சும்மா இருப்பாரா?

"எடுத்துடுங்க தம்பி. மொதல்ல இதை எடுங்க" என்றார். சத்தம் குறைந்துவிட்டது. அதுதான் என்னைக் கொஞ்சம் உலுக்கியது.

"எடுக்க முடியாதும்மா. எடுத்தா தளம் வெடிக்கும்."

"இருந்தா எங் குடும்பம் வெடிக்கும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கம்பிக்குச் சாத்திரம் தெரியாதும்மா!" என்று கத்திவிட்டு இறங்கி, சாப்பிடப் போய்விட்டேன்.

காதர் பாயின் கைவண்ணம்

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கத்தரிக்கோல் ஒன்றுகூட இல்லை.

அத்தனை கம்பியும் சரிவோடு சரிவாக அழகாக வளைந்து, கட்டில் கைப்பிடி மாதிரி மினுமினுவென்று கிடந்தது. காதர் பாய் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாய் இது?"

"அம்மா அழுவுறாங்க சார். பொம்பளை அழுதா எனக்குக் கை ஓடாது. வளைச்சுட்டேன். பாருங்க, எவ்ளோ லட்சணமா இருக்கு!"

லட்சணமாகத்தான் இருந்தது. தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஜல்லியும் மணலும் வந்து குவிந்துவிட்டன. மறுநாள் காலை ஆட்கள் வரப் போகிறார்கள். அந்தப் பக்கம் மேகம் வேறு கருத்துக்கொண்டு வருகிறது. மழை இறங்கிவிட்டால் கூரை தள்ளிப்போகும், சின்னவர் ஓசூருக்கு வண்டி கட்டிவிடுவார். வளைந்த கம்பியோடு போட்டால் தளம் பிளக்கும். கத்தரிக்கோலோடு போட அந்தம்மா விட மாட்டார்.

நேரே மண்டிக்குப் போனேன். ராஜம்மா புளி மூட்டைகளுக்கு நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கமலம்மாவும் சரோஜாவும் ஆளுக்கொரு மூலையில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, கொஞ்சம் புதுப் புளி குடுங்க."

"எதுக்கு, கொழம்பு வெக்கவா?"

"தளம் போட."

பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரி மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

புளித் தளம்

கொட்டை எடுத்து உப்புப் போட்டு இடித்த புளி. பலகையில் வைத்துத் தட்டினேன். ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் மெல்லிசு, நடுவில் சரிவு. தளத்தைக் கவிழ்த்துப் போட்டது மாதிரி அடிப்பக்கம் மேலே தெரிகிறபடி செய்தேன். கம்பிகளை முறுக்கிக் கட்டுகிற மெல்லிய கட்டுக்கம்பியில் ஒன்றை எடுத்து, சரிவுக்குச் சரியாக வளைத்து, புளிக்குள் லேசாகப் பதித்து மேலே பூசினேன். இரண்டு முனையும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"கமலம்மா, நீங்க ஒரு முனையைப் புடிங்க. சரோஜாம்மா, நீங்க அந்த முனை. இழுங்க."

கேட்க வேண்டுமா? அவர்கள் இரண்டு பேருக்கும் இப்படி ஒரு சந்தர்ப்பம் அதுவரை கிடைத்ததே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்கள். பொளக் என்று மூலையில் புளி பிய்ந்து, கம்பி விறைப்பாக வெளியே வந்துவிட்டது. பிய்ந்த துண்டு தெறித்து என் மூக்கில் ஒட்டிக்கொண்டது.

"பாத்தீங்களாம்மா? எங்க பிஞ்சுது? பெரியவர் பக்கமும் சின்னவர் பக்கமும் சேர்ற எடத்துல பிஞ்சுது. நாளைக்கு உங்க கூரையிலயும் விரிசல் அங்கதான் வுழும். ஒரு செவுத்துல இருந்து மறு செவுரு வரைக்கும் ஒரே கோடு. இந்தப் பக்கம் பெரியவர் தளம், அந்தப் பக்கம் சின்னவர் தளம்."

ராஜம்மா புளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிய்ந்ததைத் திரும்பத் தட்டினேன். இந்தத் தடவை இரண்டு கம்பி. உள் முனையில் கொக்கி போட்டு, ஒன்றையொன்று தாண்டி, ஒவ்வொன்றும் அடுத்த பக்கத்துக்குள் ஆழமாகப் போய் நிற்கிறபடி வைத்து மூடினேன்.

"இப்ப இழுங்க."

இழுத்தார்கள். புளி அசையவில்லை. இன்னும் இழுத்தார்கள். புளிக்கட்டி பலகையை விட்டுக் கிளம்பி இரண்டு பேருக்கும் நடுவில் தொங்கியதே தவிர, பிய்ந்து வரவில்லை. "வுடாதடி சரோசா!" என்று கமலம்மா கத்த, "நீங்க வுடாதீங்கக்கா!" என்று இவள் கத்த, கடைசியில் சரோஜா கைநழுவவிட்டாள். கமலம்மா புளிக்கட்டியோடு போய் மூட்டை மேல் மல்லாக்க விழுந்தாள்.

ஒரு நிமிஷம் எல்லோருக்கும் திக்கென்றது. பிறகு கமலம்மாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சரோஜா ஓடிப்போய்த் தூக்கிவிடப் பார்த்து, சிரிப்பு தாங்காமல் அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேர் தலையிலும் புளி.

"பெரியவர் பக்கத்துக் கம்பி சின்னவர் பக்கம் போய்ப் புடிச்சிருக்கு. சின்னவர் கம்பி பெரியவர் பக்கம் போய்ப் புடிச்சிருக்கு. அதான்ம்மா பிய்யல" என்றேன்.

என் கட்சி ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். ராஜம்மா பெருமூச்சு விட்டார்.

"நீ சொல்றது நியாயமாத்தான் இருக்கு தம்பி. ஆனா கத்திரிக்கோலு கத்திரிக்கோலுதானே?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மஞ்சள் நூல்

வழி சொன்னது சரோஜா. தலையில் ஒட்டிய புளியைப் பிடுங்கிக்கொண்டே, "ஏன் அத்தை, கத்திரிக்கோலைக் கட்டிப்போட்டா வெட்டுமா?" என்றாள்.

ராஜம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "வெட்டாது."

"அப்ப கட்டிடலாமே!"

கம்பி தாண்டுகிற இடத்தில் எப்படியும் கட்டுக்கம்பியால் முறுக்கத்தான் போகிறோம். அதைச் சொன்னேன். அந்தம்மாவுக்கு அது போதாது. இரும்பைக் கட்ட இரும்பா? மஞ்சள் நூல்தான் கட்ட வேண்டும், அதுவும் வீட்டுப் பெண்கள் கையால் கட்ட வேண்டும் என்றார். காங்கிரீட்டுக்குள் மஞ்சள் நூல் போடலாம் என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. போடக் கூடாது என்றும் இல்லை. சரி என்றேன்.

காதர் பாய் வளைத்த கம்பிகளை முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். வளைத்த கம்பியை மறுபடி நிமிர்த்தி அதே இடத்தில் போட நான் விடவில்லை. மீதி இருந்த புதுக் கம்பியை வெட்டிப் போடவைத்தேன். "எவ்ளோ லட்சணமா இருந்துச்சு" என்று சாயங்காலம் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வெயில் தணிந்ததும் மாமியாரும் மருமகள்களும் மேலே ஏறினார்கள். கமலம்மா ஒரு சுவரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தாள். சரோஜா எதிர்ச் சுவரிலிருந்து வந்தாள். ராஜம்மா பின்னாலேயே வந்து ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். என் சர்வீஸில் அவ்வளவு கண்டிப்பான இன்ஸ்பெக்‌ஷனை நான் பார்த்ததில்லை. நடுவில் வந்து சேர்ந்ததும், கடைசிக் கத்தரிக்கோலை யார் கட்டுவது என்று ஓரகத்திகளுக்குள் ஒரு சண்டை. இரண்டு பேரையும் ஆளுக்கொரு முடிச்சு போடச் சொன்னேன்.

மறுநாள் தேங்காய் உடைத்தார்கள். காதர் பாய் பிஸ்மில்லா சொன்னார். காங்கிரீட்டு ஏறியது. அன்று மேகம் மிரட்டிவிட்டு அப்படியே போய்விட்டது.

முட்டு பிரித்த அன்று

தளம் தண்ணீரில் ஊறுகிற நாள் முழுக்க ஊறியது. பலகையைத் தாங்கிய முட்டுக் கம்புகளைப் பிரிக்கிற காலை வந்தது. நான் மட்டும் பொறுப்பு ஏற்றுப் போட்ட முதல் தளம் அது. பிளந்தால் காண்ட்ராக்டர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அதைவிட, அந்தம்மா முகத்தில் விழிக்க முடியாது.

"நின்னாலும் நிக்கும்" கிழவர் தெருவில் நல்ல இடமாகப் பிடித்து நின்றுகொண்டிருந்தார்.

ராஜம்மா ஒரு பாயை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். சரிவுக்கு நேர் கீழே உட்காரப் போகிறாராம்! "பலகை வுழும்மா" என்று கெஞ்சினேன். "எம் பசங்களுக்குக் கட்டின கூரை. மொதல்ல நாந்தான் உக்காருவேன்" என்றார். பலகையெல்லாம் இறங்குகிற வரைக்குமாவது வாசற்படியில் நிற்கும்படி சொல்லிச் சம்மதிக்கவைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

முட்டுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பலகை இறங்கியது. தூசி அடங்கியது. நான் ஏணி போட்டு ஏறி, சரிவும் மெல்லிசும் சேருகிற மூலையை ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே போனேன். ஈரம். சில்லென்று இருந்தது. மயிரிழை விரிசல்கூட இல்லை. ஏணியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

"இப்ப உக்காருங்கம்மா" என்றேன்.

ராஜம்மா பாயை விரித்து உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். அதற்குள் மருமகள்கள் இரண்டு பேரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

"அடுப்பு இங்க வரட்டும்" என்றாள் கமலம்மா.

"இங்க வெச்சா பொகையெல்லாம் எங்க பக்கம்தான்க்கா வரும்."

"உங்க பக்கமா? எங்கடி இருக்கு உங்க பக்கம்? நடுவுல செவுரா இருக்கு?"

ஆரம்பித்துவிட்டது. புதுக் கூரைக்கு அடியில் சத்தம் நன்றாக எதிரொலித்தது. காதர் பாய் முட்டுக் கம்பைப் பிடித்தபடி வேடிக்கை பார்த்தார். அப்போதுதான் சின்னவர் வாசலில் வந்து நின்றார். கூரையை ஒரு சுற்று பார்த்தார். எல்லோருக்கும் அவர் என்ன சொல்லப் போகிறார் என்றுதான் கவலை.

"சரோசா சொல்றதுதான் சரி அண்ணி. வருசம் பூரா நான் பொகையில உக்கார முடியாது" என்றார்.

ராஜம்மா மெதுவாகத் திரும்பினார். "வருசம் பூராவா? அப்ப ஓசூரு?"

"வேண்டாம்னு நேத்தே ஆள் அனுப்பிச் சொல்லிட்டேம்மா. மொதல்ல அடுப்பு எங்கன்னு முடிவு பண்ணுங்க."

ராஜம்மா கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. இந்தப் பக்கம் ஓரகத்திகள் இரண்டு பேரும் அடுப்பிலிருந்து அம்மிக்கும், அம்மியிலிருந்து ஆட்டுக்கல்லுக்கும் போய், குரல் உச்சத்துக்கு ஏறிவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக இப்படியா என்று எனக்குப் பொறுக்கவில்லை. விலக்கிவிடலாம் என்று ஏணியிலிருந்து இறங்கினேன்.

ராஜம்மா என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"வுடு தம்பி, நல்லா போடட்டும். ரெண்டு ஊருல இருந்துகிட்டு சண்டை போட முடியுமா?"